அழாத மகன்

வணக்கம் சார்,

நண்பன் சொல்லி ‘கார்டன் ஸ்டேட்’ என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். அம்மாவின் அடக்கத்துக்கு ஊர் திரும்பும் பையன் கல் மாதிரி நிற்கிறான், நடுவில் கோமாளித்தனமான காட்சிகள், நான்கு நாளில் ஒரு பெண்ணால் எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. போன வருஷம் அப்பா இறந்தபோது நானும் அழவில்லை. வயலை விற்கிற விஷயத்தில் அவரோடு சண்டை போட்டுத் திருப்பூர் போனவன், அவர் செத்த பிறகுதான் வந்தேன். எல்லாக் காரியமும் முறையாகச் செய்தும் சொந்தக்காரர்கள் கல்நெஞ்சுக்காரன் என்கிறார்கள். தூக்கமும் சரியில்லை. ஒப்பாரி, பறை என்று இத்தனை இருந்தும் எனக்கு ஏன் அழுகை வரவில்லை? ஆடி அமாவாசைக்குத் திருவையாறு போகலாம் என்றிருக்கிறேன்.

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நம் பக்கத்து எழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது, என்னை ஏன் அந்த ஊரில் கொண்டுபோய்க் கொடுத்தாய் என்பது வரைக்கும் செத்தவரிடம் நேராகவே கேட்டுவிடுவார்கள். மகனுக்கு அது கிடையாது. ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரரைப் பார்க்க வேண்டும், நீர்மாலை, வாய்க்கரிசி, தோளில் கொள்ளிக்குடம், மறுநாள் பால் தெளிப்பு, அப்புறம் கருமாதி. இதில் ஒரு இடத்திலும் அவன் வாய் திறந்து அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

சாக் பிராஃப் எழுதி, இயக்கி, நடித்த அந்த 2004 படத்தின் பையனுக்கும் இதே நிலைமைதான். ஒன்பது வயதில் கோபத்தில் அம்மாவைத் தள்ளுகிறான். தாழ் உடைந்து திறந்து கிடந்த பாத்திரம் கழுவும் மிஷின் கதவில் தடுக்கி விழுந்தவர் அதன்பின் நடக்கவே இல்லை. அப்பா மனநல மருத்துவர். மகனோடு உட்கார்ந்து அதைப் பேசாமல், வருஷக்கணக்காக லித்தியம் என்ற மனநோய் மாத்திரை கொடுத்து வைத்திருக்கிறார். கடைசியில் அம்மா குளியல் தொட்டியில் மூழ்கி இறந்த பிறகுதான் அவன் ஊருக்கே வருகிறான்.

கோமாளித்தனம் என்றீர்களே, அந்தச் சட்டைக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். அம்மா வீட்டை அலங்கரித்ததில் மிஞ்சிய துணியில் உறவுக்காரப் பெண் ஒருவர் அவனுக்குச் சட்டை தைத்துத் தருகிறார். அதைப் போட்டுக்கொண்டு அதே பூ வேலை செய்த சுவருக்கு முன்னால் நிற்கிறான், தலை மட்டும்தான் தெரிகிறது. எனக்குப் படத்திலேயே மிக உண்மையான இடம் அது. நமக்கும் கருமாதியன்று மாமன்கள் உருமா கட்டி, இனி நீதான் வீட்டுக்குப் பெரியவன் என்று உட்கார வைக்கிறார்கள், அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் சண்டை போட்டுவிட்டுப் போன அந்தப் பையன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

காதல் பகுதி பற்றி நீங்கள் சொல்வது சரிதான். அந்தப் பெண்ணுக்கே வலிப்பு நோய் இருக்கிறது, படம் அவளை அவனுக்கு மருந்தாகத்தான் பார்க்கிறது. அவன் மாத்திரைகளைத் தானாக நிறுத்துவதை விடுதலை போலக் காட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரலாம்.

ஆனால் கடைசியில் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுகிறானே, அந்தக் காட்சிக்காக நான் இந்தப் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று நடந்ததற்கு என்னை நானே மன்னித்துக்கொள்கிறேன் என்று, அதைக் கேட்டே ஆகவேண்டிய ஆளிடம் நேராகச் சொல்கிறான்.

உங்களுக்கு அந்த ஆள் அம்மா. வயல் சண்டை நடந்தபோது அவரும் வீட்டில்தானே இருந்திருப்பார். திருவையாறு போங்கள், புஷ்ய மண்டபப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வாருங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து, நீங்கள் அப்பாவிடம் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். அழுகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். அம்மாவிடம் பேசிய பிறகு எழுதுங்கள்.