காருக்கு போடுற சீலன்ட் நெசமா எத்தனை மாசம் தாங்கும்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பெயின்ட் பாதுகாப்புக்கு மேல தடவுற சீலன்ட் டப்பால ஒரு வருஷம் தாங்கும்னு போட்டிருக்கான். நம்ம வெயிலுக்கு தாங்குமா?

பதில்: தாங்காது தம்பி. அந்த ஒரு வருஷம் எல்லாம் ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டிக்கு. சென்னையில தெருவுல வெயில்ல நிக்கிற வண்டின்னா பாலிமர் சீலன்ட் 4 மாசம், மிஞ்சிப்போனா 6 மாசம், அதுலயும் பானெட்டும் ரூஃபும் தான் முதல்ல போகும், கதவுல இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். கர்னூபா வேக்ஸ் (ஒரு வகை பனை இலையில இருந்து எடுக்குற மெழுகு) உருகுறதே 80 டிகிரி சொச்சத்துல, கருப்பு வண்டி பானெட் மே மாச மத்தியானம் 70ஐ தொட்டுரும், உருகாட்டியும் இளகிடும், அப்புறம் வேக்ஸ் எங்க நிக்கும், ஒண்ணு ரெண்டு மாசத்துல காலி.

கேள்வி: சார், தண்ணி முத்து முத்தா உருளல. சீலன்ட் போச்சா?

பதில்: உடனே அப்படி முடிவு பண்ணாதீங்க. மேல தூசி, தார், பிரேக் இரும்புத்தூள் படிஞ்சாலும் தண்ணி உருளாது, கீழ சீலன்ட் பத்திரமா இருக்கும். நல்லா ஷாம்பு போட்டு கழுவி, அயர்ன் ரிமூவர் (இரும்புத்தூள கரைக்கிற ஸ்ப்ரே) அடிச்சு (ஊதாவா மாறி வடியும்) அலசிட்டு பாருங்க, அப்பவும் தண்ணி தட்டையா படுத்துக்கிச்சுன்னா தான் போச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு, வேக்ஸ் கலந்த ஷாம்பு போட்டா சீலன்டே இல்லாத வண்டியிலயும் தண்ணி ஜோரா உருளும், அத பாத்து ஏமாறாதீங்க.

கேள்வி: வாராவாரம் வாட்டர் வாஷ் கடையில விடுறேன், பரவால்லயா?

பதில்: பாதி ஆயுசு அங்கதான் போகுது! சீக்கிரம் அழுக்கு போகணும்னு காரம் தூக்கலான ஃபோம் அடிப்பாங்க. பிஹெச் நியூட்ரல் (காரமும் அமிலமும் தூக்கலா இல்லாத) ஷாம்பு நீங்களே வாங்கிக் குடுத்துருங்க. வீட்ல கழுவுனா பாத்திரம் தேய்க்கிற லிக்விட் வேணவே வேணாம். போர் தண்ணின்னா காய விடாம மைக்ரோஃபைபர் துணியால உடனே ஒத்தி எடுங்க, காய்ஞ்சா கால்சியம் வெள்ளை வெள்ளையா புடிச்சுக்கும், அத எடுக்க வினிகர் போட்டா கறையோட சீலன்டும் கொஞ்சம் போகும்.

கேள்வி: ஷோரூம்ல டெஃப்லான் கோட்டிங் எடுக்க சொல்றாங்க ப்ரோ.

பதில்: டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேணும், நான்ஸ்டிக் தோசைக்கல்லுல அத சூட்டுல வேகவச்சுதான் ஒட்ட வைக்கிறாங்க. பெயின்ட் அடிச்ச வண்டிய யாரு அப்படி சுடுவா? அங்க தடவுறது பெரும்பாலும் சாதா சீலன்ட் தான், அதையே கடையில வாங்கி நீங்களே போடலாம்.

கேள்வி: 9எச் செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல கண்ணாடி மாதிரி கெட்டியாகுற பூச்சு) போட்டா கல்லு பட்டாலும் ஒண்ணும் ஆகாதாமே?

பதில்: ஆகும். 9எச்ங்கிறது பென்சில் வச்சு கீறிப் பாக்குற டெஸ்ட் கணக்கு. கோட்டிங் கனம் ஒண்ணு ரெண்டு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்), கீழ இருக்குற கிளியர் கோட்டே (கலர் பெயின்ட் மேல அடிக்கிற நிறமில்லாத லேயர்) சுமார் 40, 50 மைக்ரான் தான். கல்லுக்கு பயந்தா 150 மைக்ரானுக்கு மேல இருக்குற பிபிஎஃப் ஃபிலிம் (பெயின்ட்ட காக்க ஒட்டுற கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஷீட்) ஒட்டணும். வருஷக்கணக்குல தாங்குறதுல செராமிக் கெட்டி தான், அத மறுக்கல.

கேள்வி: பழைய வேக்ஸ் மேலயே சீலன்ட் போடலாமா?

பதில்: கூடாது, ஒட்டாது. கிளே பார் (ஒட்டியிருக்குற அழுக்க இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி) ஓட்டி, மிச்ச வேக்ஸ் போக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வச்சு தொடச்சுட்டு, சீலன்ட்ட நிழல்ல லேசா தடவி ராத்திரி முழுக்க தண்ணி படாம விடுங்க. சீலன்ட் மேல வேக்ஸ் போடலாம், தப்பில்ல.

கேள்வி: சீலன்ட் போட்டா காக்கா எச்சம் கறை விழாதுல்ல?

பதில்: விழும், கொஞ்சம் லேட்டா விழும், அவ்ளோதான். ஈரத்துணி போட்டு ஊறவிட்டு அன்னிக்கே எடுத்துருங்க, காய்ஞ்சத தேய்ச்சா கீறல் தான் மிச்சம்.