வீட்டு வேலை செய்யக்குள்ள டூல்ஸ ஒழுங்கா வச்சு தூக்கித் திரிய என்ன வழி? பெரிய டூல் பொக்ஸ் வாங்கலாமா?

வேணாம். பெரிய பொக்ஸ் வாங்காதீங்க. நீங்க ஒரு இடத்துல இருந்துகொண்டு இன்னொரு இடத்துல வேலை செய்யிறீங்க என்டு நினைக்கிறன், இல்லாட்டி தூக்கித் திரியிற கேள்வியே வராது.

நான் மட்டக்களப்பு, கல்லடி. எங்கட அப்பா ஓடாவியார், அதாவது தச்சு வேலை செய்யிறவர். நான் வாத்தியார், ஆனா வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டா கையில சுத்தியல்தான். தங்கச்சிட வீட்ட மாரிக்கு முன்ன முடிக்க வேண்டியிருந்திச்சு, வீடு களுதாவளையில, கல்முனை ரோட்டால மோட்டர் சைக்கிள்ல போய் வரணும், ஒரு சாமான் விடுபட்டா அன்டைக்கு வேலை அவ்வளவுதான். மச்சான் கட்டார்ல இருந்து வரக்குள்ள சில்லு வச்ச பொக்ஸ் ஒண்டு கொண்டு வந்தார், தட்டுத் தட்டா, நல்ல வடிவான சாமான், ஆசையா வாங்கினது, அவர குறை சொல்ல வரல்ல. ஆனா எழுவான்கரை, அதாவது கடலுக்கும் வாவிக்கும் நடுவுல இருக்கிற எங்கட பக்கம், முழுக்க மணல். சில்லு புதைஞ்சு நிண்டுட்டு, ரெண்டு பேர் சேந்துதான் தூக்கணும், மோட்டர் சைக்கிள்ல ஏத்தவே ஏலாது. கொழும்புல டைல்ஸ் போட்ட வீட்டுக்குள்ள வேலை செய்யிற ஆக்கள் அது நல்லா ஓடும் என்டு சொல்லுவாங்க, அங்க ஓடும்தான், நான் மறுக்கல்ல, இஞ்ச ஓடாது.

சில்லையும் விடுங்க, சாமான வகைக்கு வகை பிரிச்சு வைக்கிறதே எனக்குச் சரிவரல்ல. ஸ்க்ரூ ட்ரைவர் எல்லாம் ஒரு தட்டு, குறடு எல்லாம் ஒரு தட்டு என்டு வச்சா பாக்க வடிவா இருக்கும், ஆனா ஒரு தண்ணி டெப் (குழாய்) மாத்தப் போனாலும் எல்லாத் தட்டுக்குள்ளையும் கை விடணும். வேலைக்கு வேலை பிரிங்க. நான் காலியான பெயின்ற் வாளிதான் எடுத்தன். பைப் வேலைக்கு ஒரு வாளி: ரென்ஞ்ச், ஹக்சோ, த்ரெட் டேப், பைப் கம், சாண்ட் பேப்பர். மேசன் வேலைக்கு ஒண்டு. கதவு யன்னலுக்கு ஒண்டு. ரெண்டு வேலைக்கும் தேவைப்படுற சின்னச் சாமான, மெசரிங் டேப் மாதிரி, ரெண்டா வாங்கிட்டன், அந்தக் காசு வீண் இல்ல. பழைய டெனிம் காற்சட்டையில பொக்கெட் வச்சு தையல்காரர்ட்ட தைச்சு வாளிக்கு வெளியால சுத்திப் போட்டா சின்னச் சாமான் கண்ணுக்கு முன்னால நிக்கும், பாரமானது உள்ளுக்குள்ள. வாளிக்கு கைபிடி இருக்கு, கூரைக்கு ஏறினா கயித்துல கட்டி மேல இழுக்கலாம், ஏணியில ஒரு கையால தொங்கத் தேவையில்ல. வாளி தூக்கித் திரியிறது மரியாதை இல்ல என்டு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

ட்ரில் மட்டும் தனிப் பை. அதுக்குள்ளயே 6 மி.மீ. பிட், 6 மி.மீ. ரோல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்க சுவர் ஓட்டைக்குள்ள போடுறது), அதுக்குப் பொருந்துற ஸ்க்ரூ, மூணும் ஒரே ஐஸ்கிரீம் டப்பாக்குள்ள. மறுகா ஒரு அடப்டர், ஏனென்டா பழைய வீட்டுல உருண்டைப் பின் சொக்கெட், புது வீட்டுல 13 அம்பியர் சதுரப் பின், ரெண்டும் இஞ்ச ஓடுது. ஈரமான சாந்தகப்பையோட (சீமெந்து பூசுற கரண்டி) ட்ரில்ல ஒண்டா வைக்கவே கூடாது.

மணலுக்குள்ள ஆணி விழுந்தா பழைய ஸ்பீக்கர் காந்தத்த ஷொப்பிங் பையில போட்டு மணல்ல இழுங்க, பைய உள்பக்கம் வெளியால திருப்பினா ஆணியெல்லாம் பைக்குள்ள வந்துரும். பிள்ளைகள் வெறுங்காலோட ஓடுற வளவு, இதக் கட்டாயம் செய்ங்க.

அடுத்தது கறள், அதான் துரு. கடலுக்கும் வாவிக்கும் நடுவுல இருக்கிற ஊர், உப்புக் காத்து. உப்பு காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், அதால உப்புக்கு மேலயே எண்ணெய் பூசினா பிரயோசனம் இல்ல. முதல்ல ஈரத்துணியால துடைச்சு, நல்லாக் காய வச்சு, அதுக்குப் பிறகு தையல் மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் போட வேணாம், நாள் போனா பிசுபிசுக்கும். அப்பாட உளியெல்லாம் 2004 சுனாமிக்குப் பிறகு நாங்க இருந்த கூடாரத்துட துணியில பொக்கெட் தைச்சு சுருட்டி வச்சிருக்கார், துணியிலயும் கொஞ்சம் எண்ணெய், ஒரு உளியிலயும் கறள் இல்ல. கைக்கு எட்டாத உளி கடையில கிடக்கிற உளிதான் என்டு அவர் சொல்லுவார்.

இத எழுதக்குள்ள மனசுல இருக்கிற இன்னொண்டையும் சொல்லித்தான் ஆகணும், கேள்விக்குச் சம்பந்தம் இல்ல என்டு நினைச்சா விட்டுட்டுப் போங்க. எங்கட பக்கம் பொம்பிளப் பிள்ளைக்கு வீடு கட்டிக் குடுத்துத்தான் கலியாணம். தகப்பன் ஆயுசு முழுக்க மத்தவங்கட வீட்டுக்குக் கூரை போட்டு, கடைசியில சொந்த மகளுக்கு ஒரு வீடு முடிக்க நெஞ்சடைச்சு நிக்கிறார். அந்த நேரம் மாப்பிள்ளை பகுதி ஆக்கள் வந்து குசினி டைல்ஸ்ட நிறம் சரியில்ல என்டு சொல்லிட்டுப் போறாங்க. அதே ஆக்கள்தான் ஓடாவி வீட்டுச் சம்பந்தமா என்டு முகம் சுளிச்சவங்க. கூரை ஒழுகினா மட்டும் ஓடாவியத் தேடி அலையிறாங்க, பொடியன்மார் எல்லாம் கட்டாருக்கும் சவூதிக்கும் போயிட்டாங்க, ஆள் எங்க? இவ்வளவு கேவலமாப் பாத்தா எந்தப் பொடியன் ஊருல நிண்டு உளி பிடிப்பான்? எனக்கு இத நினைச்சா இப்பவும் கொதிக்குது.

சரி, சாமானுக்கு வாறன். இரவல் குடுத்தா திரும்பி வாறதுக்கு எல்லாக் கைபிடியிலயும் ஒரே நிறத்துல பெயின்ற் வளையம் போடுங்க, ஆர் கொண்டு போன என்டு கொப்பியில எழுதுங்க, சொந்தக்காரர் என்டாலும் எழுதுங்க. பின்னேரம் கை கழுவ முன்ன வாளிக்குள்ள எல்லாம் இருக்கா என்டு பாருங்க, இருட்டினாப் பிறகு மணலுக்குள்ள ஒண்டும் தேட ஏலாது.

பொக்ஸ் வாங்கியே ஆகணும் என்டா தகரம் வேணாம், பூட்டுப் போடுற ஓட்டை இருக்கிற பிளாஸ்ரிக், மோட்டர் சைக்கிள் கெரியர்ல சைக்கிள் டியூப் ரப்பரால கட்டக்கூடிய அளவு. கல்லடிப் பக்கம் என்டா கீழ கேளுங்க, டெனிம் தைக்கிற தையல்கடை எந்த ரோட்டுல என்டு சொல்றன்.