ஜாம்: கேளுங்கள், சொல்கிறேன்

பழ ஜாம் காய்ச்சுவது, இறுகுவது, கெட்டுப்போவது பற்றி எதுவும் கேட்கலாம். கிடாரோடு வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: அக்கா, ஸ்ட்ராபெரி ஜாம் ஆறிய பிறகும் தண்ணீராக ஓடுகிறது. எங்கே தப்பு?

ஜாம் இறுக மூன்று சேர வேண்டும்: பெக்டின், புளிப்பு, சர்க்கரை. பெக்டின் பழத்தின் செல் சுவரில் இருப்பது. கொதிக்கும்போது கரைந்து வெளியே வரும். அந்த இழைகளுக்கு ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். புளிப்பு அந்தத் தள்ளலைத் தணிக்கும், சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அப்போதுதான் இழைகள் கோத்துக்கொண்டு வலையாகும். ஸ்ட்ராபெரியில் பெக்டினே கொஞ்சம், நன்றாகக் கனிந்தால் அதுவும் குறையும். அதனால் கால் பங்கு செங்காயாகச் சேருங்கள், எலுமிச்சைச் சாறும் விடுங்கள்.

அப்புறம் சூடு. கடல் மட்டத்தில் ஜாம் பதம் ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸ். மலைமேல் இருந்தால் இந்த எண்ணை நம்பாதீர்கள், அங்கே தண்ணீரே 100க்குக் கீழே கொதித்துவிடும். முதலில் வெறும் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பாருங்கள். அதைவிட நாலைந்து டிகிரி ஏறினால் பதம். தெர்மாமீட்டர் இல்லையா? ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, சற்று ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் அடுப்பை அணைக்கலாம்.

கேள்வி: சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். ஜாமில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. இறுக வைப்பதும் அதுதான், பூஞ்சைக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்வதும் அதுதான். கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதத்தை ஒட்டி இருந்தால்தான் வெளியே வைக்கலாம். இனிப்பு ஆகாது என்றால் கால்சியத்தோடு சேர்ந்து இறுகும் தனி வகைப் பெக்டின் கிடைக்கிறது. ஆனால் பாட்டிலைத் திறந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், சீக்கிரம் தீரவும் வேண்டும்.

கேள்வி: முதல் தடவை ஜாம் செஷனுக்குப் போகிறேன். எதைத் தயார் செய்துகொள்ள?

தம்பி, தள்ளி நிற்கச் சொன்னேனே. சரி, ஒத்திகையில்லாமல் கூடி வாசிக்கிற அந்தக் கச்சேரிக்குப் பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்ற அடிப்படை இசை வடிவத்தைக் கற்றுக்கொண்டு போங்கள். அடுத்தவர் வாசிக்கும்போது சத்தத்தைக் குறையுங்கள்.

கேள்வி: மேலே மட்டும் பூஞ்சை. எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதிதான், இழை உள்ளே இறங்கியிருக்கும். முழு பாட்டிலையும் கொட்டுங்கள். சர்க்கரையைக் குறைத்தீர்களா?

கேள்வி: என் கொய்யா ஜாமும் இறுகவில்லை.

முதல் பதில். ஆனால் கொய்யாவில் பெக்டின் தாராளம். தண்ணீர் அதிகமாகியிருக்கும், இல்லையென்றால் மணிக்கணக்கில் காய்ச்சிப் பெக்டினையே சிதைத்திருப்பீர்கள்.

கேள்வி: ஜாம் செஷன் என்ற பெயரே பழ ஜாமிலிருந்து வந்ததுதானே? ஜாஸ்காரர்கள் இனிப்பான வாசிப்பை அப்படித்தான் சொன்னார்களாம்.

இந்தக் கதைக்கு ஆதாரம் எங்கே? 'நெருக்கி அழுத்து' என்ற பொருளில் அந்தச் சொல் முன்பே இருந்தது. பழத்தை நசுக்கிச் செய்ததால் பதார்த்தத்துக்கும் அந்தப் பெயர் வந்திருக்கலாம். அது 18ஆம் நூற்றாண்டுச் சங்கதி. இசைப் பொருள் 1930களை ஒட்டித்தான் அச்சில் தலைகாட்டுகிறது.

அதே நபர்: நெருக்குவதற்கும் இசைக்கும் என்ன சம்பந்தம்? இனிப்புதான் பொருந்துகிறது.

பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. ஒரே மேடையில் பத்துப் பேர் நெருக்கியடித்து வாசித்ததால் வந்தது என்று நானும் அழகாகச் சொல்லலாம். அதற்கும் சான்று கிடையாது.

இன்னொருவர்: அக்கா சொல்வது சரி. ஜாம் என்றால் விளையாட்டுக் கச்சேரி, அவ்வளவுதான்.

உங்களையும் ஒப்புக்கொள்ள முடியாது. நியூயார்க் ஹார்லெமில் 1938இல் ஹென்றி மின்டன் திறந்த மின்டன்ஸ் பிளேஹவுஸைப் பாருங்கள். தெலோனியஸ் மங்க் அங்கே பியானோ, கென்னி கிளார்க் டிரம்ஸ். கிடார்காரர் சார்லி கிறிஸ்டியன், டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி எல்லாம் ராத்திரி வந்து வாசித்தார்கள். கையாலாகாதவர் மேடையேறினால் வேகத்தை ஏற்றியும் பாட்டின் கார்டுகளை (சுரக் கூட்டுகளை) மாற்றியும் இறக்கிவிடுவார்கள். பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி உருவானதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சம்பளமில்லாமல் ஜாம் வாசித்தால் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்ட காலம் அது. மின்டன் அந்தச் சங்கத்தில் பிரதிநிதியாக இருந்தவர், அதனால் அவர் இடத்தில் பயமில்லாமல் வாசித்தார்கள். இதையா விளையாட்டு என்கிறீர்கள்?

முதல் நபர்: அப்படியானால் இனிப்பு என்பது தப்பென்றும் நிரூபணம் இல்லையே?

இல்லை. ஆனால் நிரூபிக்க வேண்டியது அதைச் சொல்கிறவர். பழத்துக்கு வாருங்கள், அடுப்பில் எனக்கு வேலை இருக்கிறது.

கேள்வி: ஸ்ட்ராபெரி ஜாம் இறுகவில்லை, சர்க்கரை கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன்...

மேலே போய்ப் படியுங்கள். இரண்டு பதில்களையும்.

கேள்வி: இறுகாததை மறுபடி காய்ச்சலாமா?

ஒரு தடவை. எலுமிச்சைச் சாறு விட்டு, அகலமான பாத்திரத்தில், பெரிய தீயில். அதிலும் இறுகாவிட்டால் சிரப்பாக வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் மேல் ஊற்றுங்கள்.