வேலையை விட்டு நிறுத்திய பிறகு காயத்துக்கு இழப்பீடு கேட்கலாமா?

கோவைப் பக்கத்துப் பட்டறைத் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

கேள்வி (கணபதி, கோவை): அண்ணா, ஆறு பேர் வேலை பார்க்கிற பட்டறை. பவர் பிரஸ்ஸில் வலது ஆள்காட்டி விரல் முழுசாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்தார். மூன்று மாதம் கழித்து 20,000 ரூபாய் கையில் கொடுத்து, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். வயது 30, சம்பளம் 15,000. இனிமேல் கேட்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி. விபத்து நடந்த அன்று நீங்கள் அங்கே வேலையில் இருந்தீர்கள், அது போதும். இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று இரவெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் உங்கள் வயதுக்குக் கொடுத்திருக்கிற பெருக்குத் தொகை (காரணி) 207.98. பெருக்கினால் 18,71,820. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்கிறது சட்டத்தின் அட்டவணை. ஆக 2,62,054 ரூபாய். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும் உண்டு. வாங்கிய 20,000-ஐ மனுவில் மறைக்காதீர்கள். ஆனால் மருத்துவச் செலவை இழப்பீட்டில் கழிக்க முடியாது.

முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய் ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். கேஷுவாலிட்டியில் டாக்டர் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல் அது. அடிபட்டது எப்படி என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். கூட்டிப்போன சூப்பர்வைசர் 'வீட்டுக் கதவில் நசுங்கியது' என்று சொல்லி, டாக்டரும் அப்படியே எழுதிவிட்ட வழக்குகளில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்படி எழுதியிருந்தால் பக்கத்து மெஷினில் நின்றவரின் சாட்சி கட்டாயம் வேண்டும். சம்பளம் கூகுள் பேயில் வந்திருந்தால் அந்த விவரத்தையும் அச்செடுத்து வையுங்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பழைய 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக் கெடு அதிலும் இருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மனுவை விசாரிக்கும் அதிகாரி மன்னிக்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): எனக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது சார். கட்டிங் மெஷினில் கை அடிபட்டது. ஆர்டர் இல்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். கம்பெனியிடம் கேட்கலாமா?

பதில்: ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அதே காயத்துக்குக் கம்பெனியிடம் இழப்பீடு கேட்க முடியாது அம்மா, ஈ.எஸ்.ஐ.யில்தான் கேட்க வேண்டும். ஊனம் நிரந்தரம் என்று மருத்துவக் குழு சொன்னால் சதவீதத்துக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். வேலை போனாலும் நிற்காது, வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது. குறைத்துப் போட்டிருந்தால் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் ஐ.பி. நம்பரை, அதாவது ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை, கட்டடத் தொழிலாளி): சாரம் சரிந்து கால் உடைந்தது. கூட்டிவந்த மேஸ்திரி போனை அணைத்துவிட்டார்.

பதில்: காண்ட்ராக்டர் மூலம் நடக்கும் வேலையில் முதன்மை முதலாளியும், அதாவது வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டவரும் பொறுப்பு. கட்டடம் கட்டும் நிறுவனத்தின் மேல் மனு போடுங்கள். பணத்தைக் காண்ட்ராக்டரிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. சைட் பெயர்ப்பலகையை இன்றைக்கே போட்டோ எடுங்கள்.

கேள்வி: 'உன் கவனக்குறைவுதான்' என்கிறார் முதலாளி.

பதில்: வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடித்திருந்ததாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதாலோ, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியதாலோ அடிபட்டது என்றால்தான் அவர் மறுக்கலாம், அதையும் அவர்தான் நிரூபிக்க வேண்டும். மரணமோ முழு நிரந்தர ஊனமோ என்றால் அந்த வாதமும் நிற்காது.

கேள்வி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை ஐயா.

பதில்: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேட்டாலே காட்டுவார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது அவர்கள் கடமை. நேரில் போக முடியாவிட்டால் 15100-க்கு அழையுங்கள்.