ரீமேப்புக்குப் போகும் முன் அந்த ஹோஸைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, நான் வள்ளியூர். 2014 ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் வேலைக்கு நாகர்கோவில் போய் வருகிறேன். அக்கா வீடு திசையன்விளை, மாசம் ரெண்டு தடவை அங்கேயும் ஓட்டம். லிட்டருக்கு 21 கொடுத்த வண்டி இப்போது 16தான் கொடுக்கிறது. ஏசி போட்டு நாலு பேர் ஏறினால் இழுக்கவே இல்லை, பின்னால் கரும்புகை வேறு. போன வருஷம் 165/80 ஆர்14 டயரைக் கழற்றிவிட்டு 195/65 ஆர்15 போட்டேன். இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ரீமேப் பண்ணி, புகையைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வை அடைத்து, காட்டன் ஏர் ஃபில்டர் போட்டால் மைலேஜ் 25 வரும், பிக்கப்பும் கூடும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். 21 கொடுத்த வண்டி 16க்கு இறங்கியிருக்கிறது, கரும்புகையும் தள்ளுகிறது என்றால் எங்கேயோ கோளாறு இருக்கிறது. ரீமேப் அதைச் சரி பண்ணாது. குறைபட்ட காற்றோடு திணறும் இன்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் டீசலை ஊற்றும், அவ்வளவுதான்.

முதலில், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். போன மாசம் உவரிப் பக்கமிருந்து இதே புகாரோடு ஒரு வண்டி வந்தது. ஸ்கேனரில் எரர் கோடு எதுவும் காட்டவில்லை. ஹோஸின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய நம் பக்கத்துச் செம்மணலான தேரி மண்ணும் செக்கச்செவேல் என்று விரலில் வந்தது. துடைத்துப் பார்த்தால் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. சும்மா நிற்கும்போது அது மூடிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை மிதித்து டர்போ அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். கணக்குப் போட்ட காற்று சிலிண்டருக்கு வராது, டீசல் மட்டும் வரும். மிச்சம் கரும்புகையாகப் போகும். ஹோஸ் மாற்றியதும் இழுவை திரும்பிவிட்டது. மேட்டில் ஏறும்போது புஸ்ஸென்று சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலை இறக்கிவிட்டுக் கவனியுங்கள்.

அப்புறம் ஏர் ஃபில்டர். திசையன்விளை போய் வருகிற வண்டிக்கு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் கணக்கு செல்லாது. கழற்றி ஒரு வெள்ளைத் துணிமேல் தட்டினால் தேரி மண் எவ்வளவு கொட்டுகிறது என்று நீங்களே பார்க்கலாம். கம்பெனி பேப்பர் ஃபில்டரைப் பாதி நாளிலேயே மாற்றிவிடுங்கள். காட்டன் ஃபில்டர் நம் ஊருக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காற்று தாராளமாகப் போகும், பொடி மண்ணும் கூடவே போகும். அதில் தடவும் எண்ணெய் அளவு மீறினால் காற்றளவு சென்சாரில் படிந்து அதையும் கெடுக்கும். டர்போவின் இறக்கை மண்ணில் தேய்ந்தால் டர்போவே கெட்டுவிடும்.

டயர் விஷயம் நிறையப் பேர் யோசிக்காதது. உங்கள் பழைய டயரின் விட்டம் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர், புதியது 634. வண்டி நிஜமாக 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 98ஐக்கூடத் தொடாது. ஆகவே 16 என்று நீங்கள் கணக்குப் போடுவது நிஜத்தில் 16.4. ஆனால் அகலம் கூடியதால் இழுவைச் சுமையும் கூடியிருக்கிறது, அது நிஜமான நஷ்டம். அடுத்த முறை 15 இஞ்ச் வீலுக்கு 185/65 போடுங்கள், பழைய விட்டமே வந்துவிடும். ஓட்டி முடித்ததும் நாலு வீலையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

சரி, இந்த 16ஐ எந்த மாசத்தில் கணக்குப் பார்த்தீர்கள்? ஆனி, ஆடியில் என்றால் காவல்கிணறு தாண்டி முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அறையும். அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். 80இல் போகும் வண்டிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 120. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது இரண்டேகால் மடங்கு. சாயங்காலம் காற்று பின்னால் தள்ளினாலும் தடை கால் பங்குக்குத்தான் இறங்கும், இல்லாமல் போகாது. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் காற்றில்லாத நாளைவிட 25 சதவீதம் அதிகத் தடை. ஆகவே ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, திரும்ப அங்கேயே நிரப்பிக் கணக்கெடுங்கள். காற்று ஓய்ந்தபின் ஐப்பசியில் இன்னொரு தடவை எடுங்கள். காற்றடிக்கும் மாசங்களில் 70இல் போனாலே வித்தியாசம் தெரியும்.

ஈஜிஆரை அடைக்க வேண்டாம். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விட்டு நைட்ரஜன் ஆக்சைடு நச்சைக் குறைப்பதுதான் அதன் வேலை. அந்தக் கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். வால்வு திறந்தபடி சிக்கினால் உங்களுக்கு வரும் அதே கரும்புகையும் இழுவைக் குறைவும் வரும். கழற்றிச் சுத்தம் பண்ணினால் போதும். அடைப்பது சட்டப்படியும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நம் பிள்ளைகள்தான்.

இதெல்லாம் முடித்தபிறகும் பிக்கப் போதவில்லை என்றால் ரீமேப்பைப் பற்றிப் பேசலாம். 1248 சிசி, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) உள்ள இன்ஜின் இது. 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே முக்குவது அதன் பிறவிக் குணம். நல்ல ரீமேப் அந்த இடத்தை நிரப்பும், அடிக்கடி கியர் இறக்க வேண்டியிருக்காது. மைலேஜ் கொஞ்சம் கூடினால் அதனால்தான் கூடும். 25 என்பது வியாபாரப் பேச்சு. தனியாக மாட்டும் டியூனிங் பாக்ஸ் என்பது வேறு: இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் ‘ரெயில்’ குழாயில் அழுத்தம் குறைவு என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி அதிகமாக ஏற்ற வைக்கும். 1,30,000 ஓடிய இன்ஜெக்டருக்கு அந்தச் சுமை வேண்டாம். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன எகானமி பிளக், டீசல் பைப்பில் கட்டும் காந்தம் இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ரீமேப் செய்பவரிடம் கம்பெனியின் பழைய புரோகிராம் ஃபைலைப் பத்திரப்படுத்தித் தருவாரா என்று கேளுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் கிளட்ச்சை ஒரு தடவை சோதியுங்கள். காலியான ரோட்டில் ஐந்தாவது கியரில் 60இல் போய் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. 190க்கே வழுக்குகிற தட்டு ரீமேப் பண்ணிய டார்க்கைத் தாங்காது. முதலில் அதை மாற்றுங்கள்.