வீட்டில் செய்த நாடகத் தலைக்கவசத்துக்கு எந்தப் பெயின்ட் அடிக்கலாம்? பிளாஸ்டிக்கில் பெயின்ட் உரியாமல் நிற்க என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கடலூரில் கல்லூரி ஆண்டு விழா நாடகத்துக்குப் போர்வீரன் தலைக்கவசம் ஒன்று செய்திருக்கிறீர்கள். அடிப்படை, பழைய வண்டி ஹெல்மெட் ஓடு. கன்னத்தை மறைக்கும் தகடுகள் பெயின்ட் வாளியை வெட்டி எடுத்தவை. உச்சியில் இருக்கும் கொண்டை சன்போர்டு. மூன்றுக்கும் ஒரே வெள்ளி ஸ்பிரே அடித்தீர்கள். ஓட்டில் நன்றாகப் பிடித்திருக்கிறது, கன்னத் தகட்டில் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. நல்ல பெயின்ட்டாக ஒன்று சொல்லுங்கள் என்கிறீர்கள்.

பெயின்ட்டை மாற்றுவதால் இது சரியாகாது. அதே கேன், அதே கை, அதே நாள். ஓரிடத்தில் நிற்கிறது, ஓரிடத்தில் உரிகிறது என்றால் கோளாறு அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கில்தான். திருப்பாதிரிப்புலியூரில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்துப் பள்ளி, கல்லூரி நாடகங்களுக்குக் கிரீடம், கேடயம், வாள் என்று செய்து கொடுக்கிறவன் நான். கடைக்குப் போய் முதலில் பெயின்ட் கேட்கிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். முதலில் கேட்க வேண்டியது, கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்பதைத்தான்.

நம் ஊர்ப் பக்கம் கூத்துக்குக் கட்டும் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்வது வழக்கம். புதுச்சேரி திருக்கனூரில் காகிதக் கூழில் பொம்மை செய்கிறார்கள்; புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. மரமும் காகிதமும் பெயின்ட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கெட்டியாகப் பிடிக்கும். பிளாஸ்டிக் உறிஞ்சாது. அதன் மேல் பெயின்ட் ஒட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒட்டுகிற குணம் பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் மாறும்.

உங்கள் வாளியை எடுத்து அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முக்கோண அம்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், சுருக்கமாக பிபி. 2 என்றால் எச்டிபிஇ, அதாவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். பெயின்ட் வாளி, குடம், மூடி எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். இரண்டுமே மெழுகுத்தன்மை கொண்டவை. தண்ணீர், பசை, பெயின்ட் எதுவுமே அவற்றின் மேல் படர விரும்பாது, திரண்டு நிற்கும். வாளியில் மிச்சமான பெயின்ட் காய்ந்தபின் நகத்தால் இழுத்தாலே முழுசாக வந்துவிடுகிறதே, அதே காரணம்தான். ஹெல்மெட் ஓடு பெரும்பாலும் ஏபிஎஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக், சில கம்பெனிகளில் ஃபைபர். சன்போர்டு பிவிசி நுரைத் தகடு. இந்த மூன்றிலும் பெயின்ட் நிற்கும்.

எண் இல்லாத துண்டு கையில் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரே போதும். ஓரத்தில் நகக்கண் அளவு சீவி எடுத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பிபியும் எச்டிபிஇயும் தண்ணீரைவிட லேசு, மேலே வந்துவிடும். ஏபிஎஸ், பாலிஸ்டைரின், கெட்டியான பிவிசி எல்லாம் அடியில் போய் உட்காரும். சோப்பு எதற்கு என்றால், சின்னத் துண்டைக் காற்றுக் குமிழி பிடித்துக்கொண்டு பொய்யாக மிதக்க வைக்கும், அதைத் தடுக்கத்தான். சன்போர்டு மாதிரி நுரைத் தகடுகளுக்கு இந்தச் சோதனை செல்லாது, உள்ளே காற்று இருப்பதால் அவை எப்படியும் மிதக்கும். கொளுத்தி மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிவிசி எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு புகை, நெஞ்சை அறுக்கும்.

சரி, வாளித் தகட்டை என்ன செய்வது? என் யோசனை, முடிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அதே வடிவத்தை சன்போர்டில் வெட்டுவது. 3 மில்லிமீட்டர் சன்போர்டை வெந்நீரிலோ ஹாட் ஏர் கன்னிலோ லேசாகச் சூடு காட்டினால் கன்னத்துக்கு ஏற்றபடி வளையும், ஆறினதும் அப்படியே நின்றுவிடும். வாளித் தகட்டில் பெயின்ட் மட்டுமா நிற்காது, ஃபெவிகுவிக் கூட ஒழுங்காக நிற்காது. விழா நாளில் அது கழன்று தொங்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

வளைவு அழகாக வந்துவிட்டது, மாற்ற மனமில்லை என்றால் வழி இருக்கிறது. கார் பம்பர்கள் பெரும்பாலும் பிபி கலவைதான். அதற்குப் பெயின்ட் அடிக்க, வண்டி பெயின்ட் விற்கிற கடைகளில் பிளாஸ்டிக் பிரைமர், பம்பர் பிரைமர் என்ற பெயரில் ஒரு அடிப்பூச்சு கிடைக்கும். சிலர் அடீஷன் புரமோட்டர் என்பார்கள். வாங்கும்போது டப்பாவில் பிபி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஏபிஎஸ்ஸுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் உங்களுக்குப் பயன்படாது. இதைப் பூசுவது கெட்டியான அடுக்காக இல்லை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய தூவலாக. பூசியபின் தேய்க்கக் கூடாது. டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மேல் பெயின்ட்டை அடித்துவிட வேண்டும். தகட்டை ஓட்டோடு இணைக்கப் பசையை நம்பாமல் ரிவெட் அடித்துவிடுங்கள். போர்வீரன் கவசத்தில் ரிவெட் தலைகள் தெரிந்தால் அழகுதானே.

இனி சுத்தம் செய்வது. இந்த வேலையில் பாதி உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொருள், அச்சிலிருந்து ஒட்டாமல் வர பல சமயம் சிலிகான் மாதிரி ஒரு வழுக்குப் பொருளைப் பூசுவார்கள். அது மேல்பரப்பில் மிச்சமிருக்கும். பழைய ஹெல்மெட்டில் அதோடு தலை எண்ணெயும் பாலிஷும் சேர்ந்திருக்கும். இதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். எனவே முதலில் கழுவல், அப்புறம்தான் தேய்ப்பு. பாத்திரம் கழுவும் திரவமும் பச்சை நாரும் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில், இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். பிறகு ஓட்டின் மேல் தண்ணீரை ஊற்றி, சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே ஏடாகப் படர்ந்து வழிந்தால் சுத்தம். எங்காவது பிளந்து, முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். வாளித் தகடு மட்டும் எவ்வளவு கழுவினாலும் முத்துக் கட்டும், அது அதன் பிறவிக் குணம்.

பழைய ஓட்டின் பளபளப்பை 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து மங்கலாக்கினால் போதும், பிளாஸ்டிக் தெரியும் வரை போக வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே அடித்த வெள்ளியையும் இப்படியே எடுத்துவிடலாம். வேகமாக வரட்டும் என்று தின்னரைத் தொட்டுவிடாதீர்கள். என்.சி. தின்னரும் அசிட்டோனும் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். மேல்பரப்பு பிசுபிசுத்து, விரல் ரேகை பதிந்து, அப்படியே இறுகிவிடும். வாளித் தகட்டை முரட்டுத் தாளில் தேய்த்தால் பிசிறு பிசிறாக எழும்பும், 400க்குக் கீழே போகாதீர்கள். தேய்த்த தூளைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள். அதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது.

இடைவெளிகளுக்கு எம்-சீல், பெரிய பள்ளங்களுக்கு கார்களுக்குப் பட்டி பார்க்கிற ஹார்டனர் கலந்த பட்டி. சன்போர்டின் வெட்டு ஓரங்கள் பொடிப் பொடித் துளையாக இருக்கும், அங்கே மெல்லிசாகப் பட்டி இழுத்து 600இல் தேய்த்தால் உலோகத் தகடு மாதிரியே இருக்கும். சில கடைகளில் போர்டு என்ற பெயரில் இரண்டு பக்கம் காகிதமும் நடுவில் தெர்மோகோல் மாதிரி நுரையும் உள்ள தகடு கொடுப்பார்கள். ஸ்பிரே பட்டதும் நடுப்பகுதி கரைந்து குழி விழும். அதற்கும் தெர்மோகோலுக்கும் ஓரத்தில் ஃபெவிகால் பூசி மூடிவிட்டுத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசுவதுதான் வழி.

இப்போது நீங்கள் கேட்ட பெயின்ட். பிரைமருக்கு மேல் சாதாரண அக்ரிலிக் ஸ்பிரே கேன் போதும். வாகனப் பட்டறையில் அடிக்கிற, ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் கெட்டியாக நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவை வரவழைக்கும். வீட்டு மொட்டைமாடியில் அடிக்கிற சரக்கு இல்லை அது. சாதாரண ஸ்பிரேவுக்கும் என்95 முகக்கவசம் போதாது. அது தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகக்கவசம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம்: சீக்கிரம் காயும் லாக்கர் வகை ஸ்பிரேவின் மேல், மெதுவாகக் காயும் எண்ணெய்ப் பெயின்ட்டான எனாமல் அடிக்கலாம், எனாமலின் மேல் லாக்கர் ஸ்பிரே அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிச் சுருக்கம் சுருக்கமாக எழும்பும். இரண்டையும் கலக்காமல் ஒரே வகையில் எல்லா அடுக்கையும் முடித்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

போர்வீரன் கவசத்துக்குக் குரோம் ஸ்பிரே வாங்காதீர்கள். கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் விரல் பட்டால் மங்கும், பாதுகாப்புக்கு மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு அடித்தாலும் மங்கும். மேடை விளக்கில் பார்த்தால் பொம்மைக் கடைச் சரக்காகத் தெரியும். அடியில் மங்கல் கறுப்பு, அதன் மேல் சாதாரண அலுமினிய வெள்ளி, கறுப்பு இடுக்குகளில் கொஞ்சம் தெரியும்படி விட்டு. காய்ந்ததும் ஃபெவிக்ரில் அல்லது கேம்லின் அக்ரிலிக்கில் அடர்பழுப்பை எடுத்து நிறைய தண்ணீர் சேர்த்து முழுக்கப் பூசி, உடனே துணியால் துடையுங்கள். மேடு வெளுக்கும், பள்ளத்தில் பழுப்பு தங்கும், ரிவெட் தலையைச் சுற்றித் துரு ஏறின மாதிரி ஒரு வளையம் நிற்கும். விளிம்புகளில் மட்டும் 6பி பென்சில் முனையைச் சீவி எடுத்த பொடியை விரலால் தேய்த்தால் உண்மையான இரும்பின் மினுக்கு வரும். கடைசியில் மங்கல் கிளியர் ஒரு மெல்லிய கோட்.

எப்போது அடிப்பது என்பது கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு சட்டென்று குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, பெயின்ட் பால் கலந்த மாதிரி வெளிறிப்போகும். கறுப்பிலும் கிளியரிலும் இது அப்பட்டமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடிக்கவே வேண்டாம். மற்ற மாதங்களில் பனி ஈரம் காய்ந்தபின், கடல் காற்று ஏறுவதற்கு முன், காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிக் குடியிருந்தால் காற்றில் வரும் உப்பும் பொருளின் மேல் படியும், ராத்திரி வெளியே வைத்ததை அப்படியே அடிக்காமல் ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் மொட்டைமாடியும் ஆகாது. பெயின்ட் காற்றிலேயே பாதி காய்ந்து சொரசொரப்பாக வந்து விழும். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் படுக்க வைத்து, நிழலில், அதற்குள் வைத்து அடித்தால் காற்றும் தூசியும் தொந்தரவு செய்யாது.

அடிக்கும் முறை எளிதுதான். கேனை 2 நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள், பொருளுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். முதல் கோட் பாதிதான் மூட வேண்டும். அடியில் இருப்பது தெரிகிறதே என்று அங்கேயே நின்று அடித்தால் வழியும். அடுத்த கோட்டுக்குள்ள இடைவெளியை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுக் கவசத்துக்கும் போவதற்கு முன் மிச்சமிருக்கும் வாளித் துண்டில் எல்லா அடுக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு நாள் விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிச் சரக்கென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே இருந்தால் தைரியமாக இறங்கலாம். டேப்போடு வந்துவிட்டால் நான் முன்னே சொன்ன சன்போர்டுக்கே போய்விடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்கிறவர்கள் இதைப் படித்தால்: வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கான விதி, வண்டிப் பெயின்ட்டுக்கு இல்லை. குழந்தை வாய் வைக்கக்கூடிய இடத்தில் தண்ணீர் அக்ரிலிக்கே போதும்.

இப்படிப் பெயின்ட் அடித்த ஹெல்மெட்டை வண்டி ஓட்டப் போட்டுக்கொள்ளவே கூடாது. கரைப்பான் பட்ட ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம், அதற்கப்புறம் அதில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரைக்கு அர்த்தம் இல்லை. விழா முடிந்ததும் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு போகாதபடி தாடைப் பட்டையை இப்போதே அறுத்துவிடுங்கள்.

உள்பக்கம் பெயின்ட் வேண்டாம். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு வாரம் காற்றாட வையுங்கள், மோந்தால் வாடை வரக் கூடாது. நெற்றி படும் விளிம்பில் ரெக்சின் பட்டையை மடித்து ஒட்டிவிடுங்கள். மேக்கப்பும் வியர்வையும் முதலில் தின்பது அந்த விளிம்புப் பெயின்ட்டைத்தான்.