உண்ணிக் கடியும் காய்ச்சலும்: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்கள்

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கும் என் மகள் விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறாள். அவளுடைய தொடையில் ஒரு சிவந்த தடிப்பு நாளுக்கு நாள் அகன்று வருகிறது. அரிப்போ வலியோ இல்லை. உண்ணிக் கடியால் தொற்றும் லைம் நோய்க்கான இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது. கவலையை விடலாமா?

பதில்: விட வேண்டாம். பரிசோதனைத் தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்றே ஒரு வைத்தியரிடம் அந்தத் தடிப்பைக் காட்டுங்கள். எம்மவர் பலர் வாழும் ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் பள்ளத்தாக்கில், லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி நிலைகொண்டுள்ளது. ஆகவே கடந்த ஒரு மாதத்துக்குள் மகள் அங்கே புல்வெளியிலோ மரங்களுக்கிடையிலான பாதையிலோ நடந்தாளா என்று கேளுங்கள். கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றி 5 சென்ரிமீற்றருக்கு மேல் அகலும் தடிப்பே பெரும்பாலானோரிடம் இந்நோயின் முதல் அடையாளம். படங்களில் காட்டப்படும் வளையத்துக்குள் வளையமான வடிவம் எல்லோருக்கும் வருவதில்லை. நமது மாநிறத் தோலில் அது கன்றிப்போன இடம்போல மங்கலாகவே தெரியக்கூடும்.

குருதியில் பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்; பரிசோதனை தேடுவது இவற்றையே) போதிய அளவு உருவாகச் சில வாரங்கள் செல்லும் என்பதால், தடிப்பு இருக்கும் கட்டத்தில் பரிசோதனை பல நேரங்களில் 'இல்லை' என்றே சொல்லும். தடிப்பையும் பயணத்தையும் வைத்தே நோயைத் தீர்மானித்து மருந்தைத் தொடங்குவதுதான் முறை. வளர்ந்தவர்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறையாக 10 நாட்கள் வழங்கப்படும். கர்ப்பிணியாயின் அமொக்சிசிலின் 14 நாட்கள். இப்போது விட்டுவிட்டால் முகவாதமோ, இதயத் துடிப்பில் தடையோ, மாதங்கள் கழித்து முழங்கால் வீக்கமோ வரலாம்.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையை விட்டு வெளிநாடு எதற்கும் போனதில்லை. இரண்டு வருடமாக உடல் அசதியும் மூட்டு வலியும். ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் லைம் 'ஐஜிஎம்' உள்ளது என்று வந்தது. மாதக்கணக்கில் ஊசி போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் 1975 இல் பல பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் வந்ததை ஆராயப்போய்த்தான் இந்த நோய் இனங்காணப்பட்டது. அதைப் பரப்பும் உண்ணி இனங்கள் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப்பகுதிகள் ஆகியவற்றுக்கு உரியவை. அங்கெல்லாம் போகாத ஒருவரிடம் இந்தப் பரிசோதனையைச் செய்தால், கிடைக்கும் 'உள்ளது' அநேகமாகப் பொய்யானதாகவே இருக்கும். ஐஜிஎம் என்பது தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் பிறபொருளெதிரி வகை; நோய்க்குறிகள் ஒரு மாதத்தைக் கடந்த பின் அது மட்டும் தனித்து இருப்பது லைம் நோய்க்கு ஆதாரமே அல்ல. மாதக்கணக்கான நுண்ணுயிர்க்கொல்லி உண்மையான லைம் நோயாளிகளின் நீடித்த அசதிக்கே பலன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நரம்பில் குழாய் செருகி ஏற்றும் மருந்தினால் குருதித் தொற்று ஏற்பட்டு உயிர் போனதும் உண்டு. தைரொயிட், குருதிச்சோகை, நீரிழிவு, முடக்குவாதம், மனச்சோர்வு ஆகியவற்றைப் பொது வைத்திய நிபுணர் ஒருவரிடம் முறையாகப் பாருங்கள். உங்கள் அசதி உண்மையானது. அதன் காரணம் வேறு.

கேள்வி: தை மாதம் சாவகச்சேரிக்குப் போய், பூட்டிக் கிடந்த வளவைத் துப்பரவாக்கிவிட்டுத் தெஹிவளைக்குத் திரும்பினேன். எட்டு நாட்களாகக் காய்ச்சலும் கடும் தலையிடியும். டெங்கு இல்லை என்று இருமுறை வந்துவிட்டது. அயலவர் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார். ஆனால் உடம்பில் உண்ணி எதையும் நான் காணவில்லை.

பதில்: அயலவர் சொல்வது சரியாக இருக்கக்கூடும், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வடக்கில் உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பற்றைத் தைபசு (ஸ்க்ரப் டைபஸ்) என்ற பக்டீரியாத் தொற்று. அதைப் பரப்புவது நாய் உண்ணி அல்ல, பற்றைகளிலும் புற்களிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் குடம்பி. மலையகத்தில் மெய்யான உண்ணிகள் பரப்பும் புள்ளிக் காய்ச்சல் இருக்கிறது; அதில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடப் புள்ளிகள் வரலாம், மூட்டுகளும் வீங்கலாம்.

தேட வேண்டியது உண்ணியை அல்ல, அது கடித்த இடத்தை. சிகரட்டால் சுட்டதுபோல நடுவில் கறுத்துக் காய்ந்த ஒரு பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்பும் இருக்கும்; வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ், காதின் பின்புறம், தலைமயிருக்குள் என்று ஓரிடமும் விடாமல் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒன்பது நாள் காய்ச்சலுடன் எங்கள் விடுதிக்கு வந்த ஒரு தாயாரிடம், குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருந்ததால் எல்லோரும் டெங்கு என்றே எண்ணியிருந்தோம். பாவாடை நாடா இறுக்கியிருந்த இடத்தில், ஐந்து சத நாணயத்தை விடவும் சிறிதாக, அந்தப் பொருக்கு இருந்தது. தாதி ஒருவர் உடை மாற்றும்போதுதான் அதைக் கண்டார். சிறுதட்டுகள் இரண்டு நோயிலும் குறையும் என்பதை அன்று முதல் ஒவ்வொரு பயிற்சி வைத்தியருக்கும் சொல்லி வருகிறேன்.

பொருக்கு இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்யலாம். ஆனால் முதல் வாரத்தில் அது எதையும் காட்டாமல் போகலாம், நோயை உறுதிப்படுத்தப் பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது மாதிரியும் வேண்டும். அதுவரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றை இந்நோய் தாக்கக்கூடும். டொக்சிசைக்கிளின் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணித்தியாலங்களுக்குள் காய்ச்சல் தணியும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் உண்டு. வளவு துப்பரவாக்கிய கதையை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு டொக்சிசைக்கிளின் எழுதியிருக்கிறார்கள். பல் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே?

பதில்: அந்த அச்சம் பழைய ரெற்றாசைக்கிளின் வகைகளால் வந்தது. டொக்சிசைக்கிளின் பல்லிலுள்ள கல்சியத்துடன் அவ்வளவாகப் பிணைவதில்லை. குறுகிய காலம் கொடுத்த பிள்ளைகளின் பற்களில் கறை காணப்படவில்லை. தயங்காமல் கொடுங்கள். நிமிர்ந்து இருந்து நிறையத் தண்ணீருடன் விழுங்கட்டும். பாலையும் இரும்புச்சத்து மருந்தையும் அதே வேளையில் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பிள்ளையின் காதுக்குள் உண்ணி தெரிகிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: எதுவும் விட வேண்டாம், குச்சியால் கிண்டவும் வேண்டாம். இது இந்நாட்டில் அடிக்கடி காண்பது. காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அன்றே கொண்டுபோங்கள். கை, கால் தோலில் ஒட்டியதாயின் கூரிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுக்கலாம். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், எரிந்த தீக்குச்சி எதுவும் உதவாது.

கேள்வி: எங்கள் நாய்க்கு உண்ணியால் காய்ச்சல் என்று கால்நடை வைத்தியர் சொன்னார். எங்களுக்குத் தொற்றுமா?

பதில்: நாயைத் தொட்டுப் பராமரிப்பதால் தொற்றாது. எடுத்த உண்ணிகளை நகத்தால் நசுக்காமல், சவர்க்கார நீரிலோ மதுசாரத்திலோ போடுங்கள். நாய்க்கு மருந்து கொடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதையும் நாயின் உடம்பில் அல்ல, சுவர் வெடிப்புகளிலும் நாய்க்கூட்டின் இடுக்குகளிலும்தான் இடும்.